நல்ல சாமானுக்கு அடையாளம்

எனக்குக் கோபம் வரும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? கண்டியில் உள்ள கொழும்புத் தெருவுக்கு வந்து முஹைதீன் கடை எது என்று கேட்டால், "அந்தக் கோபக்கார முஹைதீன் நானாவா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கையைக் காட்டுவார்கள். ஆனால் அதே வாய் கையோடு கையாக, "சாமான் மட்டும் சுத்தம்" என்றும் சொல்லும். அந்த இரண்டாவது பேச்சுக்காகவே நான் இருபத்திரண்டு வருஷம் அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

வைத்தியச் சாமான் கடை. கண்டி டாக்டர்மாரும், பன்வில, புசல்லாவைப் பக்கத்துத் தோட்டங்களில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர்மாரும் என்னிடம்தான் வாங்குவார்கள். எந்தச் சாமானும் என் உடம்பில் பட்டுத்தான் வெளியே போகும். அது என் வழக்கம். தர்மாமீட்டரை என் நாக்கின் கீழ் வைத்துப் பார்ப்பேன். ரப்பர்ச் சுத்தியலால் என் முழங்காலிலேயே தட்டி, கால் உதைக்கிறதா என்று பார்ப்பேன். ஸ்டெதஸ்கோப் என்று படித்தவர்கள் சொல்வதைக் கடையில் நாங்கள் குழாய் என்போம். அதைக் காதில் மாட்டி, சட்டையைத் தூக்கி, என் நெஞ்சிலேயே வைத்துக் கேட்பேன்.

இதயம் எப்படிச் சத்தம் போடும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. என் நெஞ்சைக் கேட்டே பழகிக்கொண்டேன். லப். பிறகு உஸ்ஸ் என்று ஓர் இழுவை. பிறகு டப். அந்த உஸ் துலக்கமாகக் கேட்டால் நல்ல குழாய், மங்கினால் மட்டமான குழாய். ஒருமுறை உஸ் போதவில்லை என்று ஆறு குழாய்களைத் திருப்பி அனுப்பினேன். கொண்டுவந்த கொழும்புக்காரன் என்னைத் திட்டிக்கொண்டே மூட்டை கட்டினான். வாங்க வருகிறவர்கள் தாங்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும் என்று சொன்னதே இல்லை. முஹைதீன் கேட்டுவிட்டால் போதும் என்பார்கள். நானும் என் நெஞ்சைத் தவிர வேறொரு நெஞ்சில் குழாயை வைத்ததில்லை. அதற்கு என்ன தேவை?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷம் எனக்கு ஐம்பத்தாறு வயது. அடுத்த ஹஜ்ஜுக்குப் போவதென்று நிய்யத்து வைத்திருந்தேன். என் வாப்பா ஆசைப்பட்டு ஆசைப்பட்டே மவுத்தாகிப் போனார். நானும் மூன்று தடவை புறப்பட்டு நின்றேன். முதலில் சண்டைக் காலம், பிறகு கடையில் தீ, பிறகு மகள் அனீஸாவின் கல்யாணம். "இந்த மொற எது குறுக்க வந்தாலும் போவேன்" என்று என் மனைவி றம்லத்திடம் சொல்லிவைத்திருந்தேன். அவளும் தைக்காத இரண்டு வெள்ளைத் துணிகளை, ஹஜ்ஜில் உடுத்துவதற்கு, அலுமாரியில் மடித்து வைத்திருந்தாள். பைரவகந்தை மலைச் சரிவில் எங்கள் வீடு. அசர் என்கிற பின்னேரத் தொழுகைக்குப் பிறகு கடையைச் சாத்திவிட்டு ஏறுவேன். வழியில் இரண்டு இடத்தில் நின்று ஆட்களோடு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவது என் பழக்கம். றம்லத், "கதை கேக்கப் போனா வீட்ட மறந்துருவீங்க" என்று ஏசுவாள்.

அந்த வருஷம் மழையே இல்லை. புரட்டாதி மாதம் மகாவலி ஆறு வற்றிக் குட்டை குட்டையாகக் கிடந்தது. பாறைகளுக்கு நடுவில் பச்சை நிறத்தில் தண்ணீர், அதன்மேல் பூச்சி. அப்படி ஒரு நாள் மத்தியானம்தான் பரமநாதன் என் கடைக்கு வந்தான்.

அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருக்கும் இராஜரத்தினத்தின் மகன். யாழ்ப்பாணத்து ஆட்கள். கொழும்பில் டாக்டருக்குப் படிக்கிறான். விடுமுறை முடிந்து போனதும் வார்டுக்குள் விடப்போகிறார்களாம். கையில் ஒரு தாள். அதில் வாங்க வேண்டியதெல்லாம் எழுதியிருந்தது: தர்மாமீட்டர், ரப்பர்ச் சுத்தியல், அளக்கிற நாடா, நாக்கை அமத்துகிற தகடு, கண்ணுக்கு அடிக்கிற சின்ன டோர்ச், குழாய். எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பி, வழக்கம்போல ஒவ்வொன்றாக என் உடம்பில் சோதித்துக் காட்டினேன். என் கால் உதைத்ததைப் பார்த்து அவன் சிரித்தான். நல்ல பிள்ளை என்றுதான் நினைத்தேன்.

குழாய்க்கு வந்ததும், "நானா, நான் ஒருக்காக் கேட்டுப் பாக்கட்டே? இன்னும் ஒருத்தரிலையும் வைச்சுப் பாக்கேல்லை" என்றான்.

ஆசைப்படுகிறானே என்று சட்டையைத் தூக்கி நெஞ்சைக் கொடுத்தேன். வைத்தான். கேட்டான். முகம் சுருங்கிப்போனது.

"இதில எங்கயோ காத்துப் போகுது நானா. நடுவில உஸ் எண்டு கேக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது. "தம்பி, அதுதான் நல்ல சாமானுக்கு அடையாளம். மட்டமான கொழாயில அது கேக்காது."

"புத்தகத்தில ரெண்டு சத்தம்தான் போட்டிருக்கு. லப், டப். உஸ் எண்டு ஒண்டு இல்லை."

"புத்தகம் எழுதினவர் என்ட கடைக்கு வந்தீக்கிறாரா?"

இரண்டாவது குழாயை எடுத்துக் கொடுத்தேன். அதிலும் உஸ். மூன்றாவது, புதுப் பெட்டியை உடைத்து எடுத்தது. அதிலும் உஸ். கடையில் அப்போது பன்வில தோட்டத்து டிஸ்பென்சர் ராஜலிங்கம் பஞ்சு வாங்க வந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் பையன் சொல்கிறான்: "நானா, கோவிக்காதேங்கோ. உங்கட சரக்கு முழுக்க வெக்கையில வெடிச்சுப் போச்சுது போல. மூண்டும் பழுது."

மூன்றும் பழுதாம்! இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சொல்லை என் முகத்துக்கு நேரே சொன்னவன் இல்லை. தலைக்கு மேலே ஏறிவிட்டது எனக்கு. எழும்பி நின்று கத்தினேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, கண் இருட்டியது, மேசையைப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் வாயை நிறுத்தவில்லை.

"கொழாய் புடிக்கத் தெரியாத நீயெல்லாம் டாக்குத்தரா? கேட்டுக்க! நீ மொதமொதல்ல எவன் நெஞ்சில கொழாய் வெக்கிறியோ, அவன் மையத்துத்தான்!"

"ஐயோ மொதலாளி, விடுங்க. சின்னப் புள்ளகிட்ட சாவு, பொணம்னு பேசாதீங்க" என்று ராஜலிங்கம் என் கையைப் பிடித்தார்.

பரமநாதன் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். மறுநாள் காலை ரயிலுக்கு அவன் போக வேண்டும், வேறு கடைக்கு நேரமில்லை. மூன்றாவது குழாயையே மற்றச் சாமான்களோடு எடுத்துக்கொண்டான். வாசலில் நின்று, "நான் வாறன் நானா" என்று மட்டும் சொன்னான். நான் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நாட்டில் மலேரியாக் காய்ச்சல் வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் கீழ்நாட்டுப் பக்கம் மனிதர்கள் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். என் கடையில் தர்மாமீட்டர் வந்த அன்றே முடிந்தது. கொயினா வேண்டும், பஞ்சு வேண்டும் என்று ஆட்கள் வாசலில் நின்றார்கள். கண்டிக்குள் அவ்வளவு இல்லை. ஆனால் பெரிய வீதியால் மாட்டுவண்டியில் கொண்டுபோகும் பிணப் பெட்டிகளைப் பார்த்தால் ஊர் எப்படி இருக்கிறதென்று தெரியும். றம்லத் இரவில் யாஸீன் ஓதிவிட்டுத்தான் படுப்பாள். எனக்கு மட்டும் அந்தக் காலத்தில் படுத்தால் மூச்சு முட்டியது. இரண்டு தலையணை வைத்தேன், பிறகு மூன்று. வெக்கை என்று நினைத்தேன்.

தை மாதக் கடைசியில் கப்பல். கொழும்பிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து ஜித்தா. போவதற்கு முன்னால் செய்யவேண்டிய ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஹஜ்ஜுக்குப் போகிறவன் தான் நோகடித்தவர்களிடம் எல்லாம் போய், "பொறுத்துக்கொள்ளுங்க" என்று கேட்க வேண்டும். அவர்கள் "பொறுத்தேன்" என்பார்கள். எதற்கு என்று கேட்பதில்லை. கேட்டால் பழசைக் கிளறியதாகிவிடும் அல்லவா? என் வாய்க்கு எத்தனை வீடு ஏறி இறங்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பதினொரு நாள் நடந்தேன். இறைச்சிக் கடைக்காரன், பள்ளி மோதினார், சம்பந்தி, மீன் மார்க்கெட்டில் ஒருவன் விடாமல் கேட்டு முடித்தேன். "உங்களுக்கு ஒரு கப்பல் போதாது, மாப்புக் கேக்கவே ஒரு வருஷம் வேணும்" என்று றம்லத் சிரித்தாள். கடைசியில் ஒரே ஒரு ஆள் மிஞ்சினான்.

இராஜரத்தினத்தின் வீட்டுக்குப் போனேன். பரமநாதன் அங்கே இல்லை. படிக்கிற பிள்ளைகளையும் காய்ச்சல் முகாம்களுக்கு உதவிக்கு எடுத்துவிட்டார்களாம். கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறான் என்றார்கள்.

"அங்க போகவேணாம். அந்தக் காய்ச்சல் காத்தோட வரும் எண்டு செல்றாங்க" என்றாள் றம்லத். கேட்காமல் காலை பஸ்ஸில் ஏறினேன்.

கணவாயைத் தாண்டி இறங்க இறங்க வழி நெடுகிலும் வெள்ளைக் கொடி. சிங்கள ஆட்கள் மரணம் நடந்த வீட்டில் கட்டுவார்களே, அது. முதலில் எண்ணிக்கொண்டு வந்தேன். பிறகு கொடி இல்லாத வீடுகளை எண்ணினேன், அதுதான் சுலபமாக இருந்தது. இறங்கும்போது சாரதி என் முகத்தைப் பார்த்து, "பின்னேரம் நான் திரும்பி வருவேன், இங்க நிண்டுறாதீங்க" என்றான்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளை வெளியே தூக்கிப் போட்டிருந்தார்கள். உள்ளே பாய் பாயாக ஆட்கள். வயிறு வீங்கிய பிள்ளைகள் அழக்கூடப் பலமில்லாமல் விழித்துக்கொண்டு கிடந்தன. நடுவில் பரமநாதன் ஒரு கிழவியின் நெஞ்சில் குழாய் வைத்துக் குனிந்திருந்தான். பாதியாய் இளைத்திருந்தான். என் கடைக் குழாய்தான். மூன்றாவது.

என்னைக் கண்டதும் அவன் பயந்தான். ஆம், பயம்தான். நான் சண்டைக்கு வந்தேன் என்று நினைத்தானோ என்று, உடனே சொல்லிவிட்டேன்: "தம்பி, நான் ஹஜ்ஜுக்குப் போறேன். என்னப் பொறுத்துக்கொள்ளுங்க."

"எதுக்கு நானா?"

எங்கள் வழக்கம் அவனுக்கு எப்படித் தெரியும்? "அதெல்லாம் கேக்கக்கூடாது. பொறுத்தேன் எண்டு செல்லிருங்க, போதும்."

"பொறுத்தன்" என்றான். குழாயைக் காதிலிருந்து கழற்றினான். "போகாதேங்கோ நானா."

என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய், முற்றத்தில் கிடந்த ஒரு வாங்கில் உட்கார்த்தினான். கேட்காமலே என் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் குழாயை வைத்தான். நெடுநேரம் கேட்டான். இடப் பக்கம், மேலே, கழுத்தடியில், முதுகில். பிறகு என் காலைத் தூக்கி, கணுக்காலில் விரலால் அமத்தினான். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்தது.

"பிறகு நான் கொழும்புக்குப் போய், ஹொஸ்டல் பெடியள் எல்லாரிலயும் இந்தக் குழாயை வைச்சுப் பாத்தன். உஸ் இல்லை. வார்டில பெரிய டொக்டர் உஸ் எண்டுற சத்தம் இருக்கிற ஒரு ஆளைக் காட்டினார். அந்த ஆள் பத்து நாள்கூட உயிரோட இருக்கேல்லை. இங்க வந்து எத்தினை நெஞ்சு கேட்டிட்டன். குழாய் நல்லது நானா. மூண்டும் நல்ல குழாய்தான்."

எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. என்ன சொன்னேன் தெரியுமா? நானே சொன்னேன்! "இல்ல தம்பி. நீங்க அண்டைக்குச் சென்னதுதான் சரி. அது பழுதான கொழாய்."

அவன் தலையை ஆட்டினான். "ஏத்தம் ஏறேக்க மூச்சு வாங்குதோ?"

"இல்லயே. நான் வழியில ரெண்டு எடத்தில நிண்டு பேசிட்டு..."

எத்தனை வருஷமாக நின்றிருக்கிறேன், யாரோடு என்ன பேசினேன் என்று ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.

"அப்பவே ஏன் வந்து செல்லல்ல?" என்று அவன் மேல் பாய்ந்தேன்.

"போன மாதம் கண்டிக்கு வந்தனான். உங்கட கடை வாசல் மட்டும் வந்தன். உள்ளுக்கை ஆக்கள் உங்களைக் கட்டிப்பிடிச்சு ஹஜ்ஜுக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டு நிண்டினம். நீங்கள் சிரிச்சுக்கொண்டு இருந்தியள். எனக்கு வாய் வரேல்லை." அவன் குழாயைக் கையில் சுருட்டிக்கொண்டே நிலத்தைப் பார்த்தான். "நீங்கள் அண்டைக்குச் சொன்னது எனக்கு மறக்கேல்லை. நான் முதன்முதல் குழாய் வைச்ச நெஞ்சு உங்கடதுதானே நானா."

யா அல்லாஹ்! அந்த வெயிலிலும் எனக்குக் குளிர்ந்தது. உள்ளே ஒரு பிள்ளை இருமியது. என் வாயால் நான் போட்ட சாபம் நான்கு மாதமாக என் வீட்டுக்குள்ளேயே படுத்து எழும்பியிருக்கிறது.

"போனா?" என்று கேட்டேன்.

"அந்த வெயில், அந்த நடை, அந்த நெரிசல். திரும்பி வரமாட்டியள்."

"இருந்தா?"

"ஓய்வா இருந்து மருந்து எடுத்தா ரெண்டு மூண்டு வருஷம். சிலவேளை கூடவும் இருக்கலாம்."

நோயாளிக்கு ஹஜ் கடமையில்லை. அது எனக்குத் தெரியும். மார்க்கம் சொல்லும் லெப்பையிடம் கேட்டால் அவரும் அதைத்தான் சொல்வார். அதனால் நான் லெப்பையிடம் கேட்கப் போவதில்லை என்று அந்த வாங்கிலேயே முடிவெடுத்தேன். ஐம்பத்தாறு வருஷ ஆசையை ஓர் உஸ்ஸுக்காக விட்டுக்கொடுத்து, ஏற்றத்தில் நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மூன்று தலையணையில் சாய்ந்து சாவதற்கா நான் காத்திருந்தேன்? போகத்தான் வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பயத்தோடுதான் முடிவெடுத்தேன். றம்லத்துக்குத் தெரிந்தால் அவள் வாசலில் குறுக்கே படுத்துவிடுவாள். அவளுக்குச் சொல்லக்கூடாது என்று பரமநாதனிடம் சத்தியம் வாங்கினேன். அவன் அழுதுகொண்டே சத்தியம் செய்தான்.

ஆனாலும் நான் வியாபாரி. பிறர் சொன்னதை நம்பிச் சாமான் எடுத்தவன் இல்லை. கண்டியில் இறங்கியதும் கடையைத் திறந்து ஒரு குழாயை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஏறினேன். இந்தத் தடவை எங்கே நின்றேன் என்று கவனித்தேன். இரண்டு இடமில்லை, ஐந்து இடம்.

றம்லத் அசர் தொழுதுவிட்டு ஜன்னல் ஓரம் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த வெள்ளைத் துணிகள். "போன காரியம் என்னாச்சு? பொறுத்தாரா டொக்டர் தம்பி?" என்றாள்.

"பொறுத்துட்டாரு. சும்மா இரி, ஒரு சாமானச் சோதிச்சுப் பாக்கணும்."

"என்னிலயா? இத்தன வருஷமா இல்லாத புதினம்!" முக்காட்டை இழுத்துக்கொண்டு அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். நான் குழாயைக் காதில் மாட்டி, அவள் நெஞ்சில் வைத்தேன். முப்பத்தொரு வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், அவள் நெஞ்சு எப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியாது.

லப், டப். லப், டப்.

நடுவில் ஒன்றுமில்லை. மட்டமான குழாய் என்று என் பழக்கப்பட்ட புத்தி சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கேட்டேன். லப், டப். எவ்வளவு சுத்தம். கொழும்புக்காரனிடம் திருப்பி அனுப்பிய அந்த ஆறு குழாய்களும் ஞாபகம் வந்தன. அவற்றில் பழுதில்லை, அப்போது உஸ் மங்கிக் கிடந்தது என் நெஞ்சில்தான் போலிருக்கிறது.

"என்ன, கண்ணு கலங்குது?" என்றாள்.

"தூசி."

"எனக்கும் ஒருக்காத் தாங்க" என்று என் காதிலிருந்து பறித்தாள். வேண்டாம் என்று சொல்வதற்குள் மாட்டிக்கொண்டு, மறுமுனையை என் சட்டைக்குள் விட்டாள். தலையைச் சாய்த்து, கவனமாகக் கேட்டாள். சின்னப் பிள்ளையைப்போல அவள் முகம் மலர்ந்தது. பிறகு புருவம் மெல்ல நெரிந்தது.

"இஞ்ச பாருங்க, நடுவில உஸ் எண்டு ஒரு சத்தம் கேக்குதே. அது என்ன?"

"அதுதான் நல்ல சாமானுக்கு அடையாளம்" என்றேன்.

"அப்படியா?" அவளுக்குச் சந்தோஷம். "அந்தத் தம்பிட்ட இதச் செல்லல்லயா? உங்கட சாமான்ல பழுது இரிக்காது எண்டு எனக்கு அப்பவே தெரியும்."

குழாயைக் கழற்றிச் சுருட்டி என் கையில் தந்தாள். வெள்ளைத் துணியை எடுத்து, ஓரத்தைச் சரிபார்த்து, மறுபடியும் மடிக்கத் தொடங்கினாள். நான் அவள் முன்னால் நிலத்தில் உட்கார்ந்தேன்.

"றம்லத், என்னப் பொறுத்துக்கொள்."

"கடசியா எனக்கிட்டயா வந்தீங்க?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, எங்கள் ஆட்கள் சொல்வதைப்போலவே சொன்னாள்: "அல்லாஹ்வுக்காகப் பொறுத்தேன்."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.